கணக்கில் ஏறாத கன்று

கூட்டுறவுச் சங்கங்களைப் பார்வையிட்டு ஆய்வு செய்வது என் உத்தியோகம். புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சரிபார்ப்பதும், எழுதாமல் விட்டதைக் கேட்டு எழுதுவிப்பதும் அவ்வுத்தியோகத்தின் சாரம். எனினும், எட்டு ஆண்டுகளாக நான் புரட்டி வந்த கறவை மாட்டுக் கடன் பதிவேடுகளில் எழுதப்படாத ஒன்று இருந்தது. அதைக் கேட்க வேண்டுமென்று எனக்கே தோன்றியதில்லை. மாட்டின் விலை இருக்கும். நிறமும் கொம்பும் ஈற்றும் குறித்திருக்கும். காதில் இட்ட வில்லையின் எண்ணும் காப்பீட்டுப் பத்திரத்தின் எண்ணும் இருக்கும். கன்றைப் பற்றி ஒரு வரியும் இராது. கணக்கில் ஏறாத அந்த ஜீவன்தான் பல வீடுகளில் கடன் வசூலாவதையும் நிலுவையாவதையும் தீர்மானிக்கின்றது என்பதை, நான் செய்த ஒரு பிழையின் மூலமாகவே அறிந்துகொண்டேன். நெசவாள அன்பர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் அது பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

இரண்டு சொற்களில் ஒரு தீர்ப்பு

சென்னிமலைக்கும் காங்கயத்திற்கும் இடைப்பட்ட வட்டாரத்தில், தறியும் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் பல. அவற்றுள் ஓர் ஊரில் கைத்தறி நெசவாளர் ஒருவர், மனைவியின் பேரில் சங்கக் கடன் பெற்று, கலப்பின ஜெர்சிப் பசு ஒன்றை நிறைசினையில் வாங்கினார். நெசவாளர் வீட்டில் பசு எதற்கு என்று கேட்பவர்கள் அவர்களுடைய ஜீவனத்தை அறியாதவர்கள். மழை பிடித்துவிட்டால் தெருவில் பாவு ஓட்ட இயலாது; தறிக்குழியில் ஈரம் ஏறும்; நூல் வருவது தாமதப்பட்டால் கூலியும் தாமதப்படும். அத்தகைய நாட்களில் அடுப்பெரிவது பால் பணத்தினால்தான்.

பசு ஈன்றது, கிடாரிக் கன்று. வீட்டார் மகிழ்ந்தனர். ஒன்பதாம் நாள் கன்று கழிச்சல் கண்டு இறந்து போயிற்று. கன்றை நக்கிப் பால் சுரந்து பழகிய பசு, கன்று போனதும் பாலை அடக்கிக்கொண்டது. ஒரு வேளைக்கு நான்கு லிட்டர் கறந்த மாடு ஒன்றரை லிட்டருக்கு இறங்கியது. தவணைகள் தவறின. வசூல் நிலவரம் பார்க்கச் சென்ற நான், இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, "அங்கத்தினரின் கவனக்குறைவு" என்று அறிக்கையில் இரண்டே சொற்கள் எழுதிவிட்டு வந்தேன்.

ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் கழித்து, மறுபடியும் அதே சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். காலையில் சங்கத்தின் கதவைத் திறக்கும் முன்னரே, அந்தப் பசு ஈன்றுகொண்டிருக்கிறது என்று காரியதரிசி வந்து சொன்னார். இருவரும் போனோம். கால்நடை மருத்துவர் வேறொரு மாட்டைப் பார்க்க அதே தெருவுக்கு வந்திருந்தவர், எங்களுக்கு முன்னரே அங்கே நின்றுகொண்டிருந்தார். கன்று பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இம்முறையும் கிடாரி. தாய் அதை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. கன்றை மடிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவர் சொன்னதும், நெசவாளரின் தாயார் குறுக்கே கையை நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, கொடி விழுகாமல் கன்றுக்குப் பால் காட்டலாமுங்களா? காட்டினால் கொடி உள்ளேயே நின்று போகுமுங்க" என்றார்.

மருத்துவர் கோபிக்கவில்லை. "ஆத்தா, போன கன்று எப்பொழுது பிறந்தது? எப்பொழுது பால் குடித்தது?" என்று கேட்டார்.

விடிகாலையில் பிறந்தது, கொடி விழுந்தது அந்தி நேரத்தில், அதன் பிறகே கன்றை ஊட்ட விட்டோம், அதற்கு முன் கறந்த சீம்பாலைக் கிண்டி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தோம் என்றார் அம்மூதாட்டி. அவர் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. அவருடைய தாயும் பாட்டியும் செய்தது அது.

"நோய் வந்தது ஒன்பதாம் நாள், ஆத்தா. அதற்குக் கதவைத் திறந்து வைத்தது முதல் நாள்" என்றார் மருத்துவர். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் கடன் பாரத்தில் கன்றுக்கு ஏதாவது இடம் உண்டா?" என்று வினவினார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு சொற்களில் நான் எழுதிய தீர்ப்பு அப்போது என் நினைவுக்கு வந்தது. கவனம் வைக்க வேண்டிய இடம் இன்னதென்று அவ்வீட்டாருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருவன்.

சீம்பாலின் இரகசியம்

அன்று மருத்துவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்தும் கேட்டும் அறிந்ததையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

மனிதக் குழந்தை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோயைத் தடுக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைத் தாயின் இரத்தத்திலிருந்து பெற்றுவிடுகின்றது. கன்றுக்கு அவ்வாறில்லை. பசுவின் நஞ்சுக்கொடி அமைந்துள்ள முறையினால், தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் கன்றைச் சென்றடைவதில்லை. ஆகவே, கன்று பிறக்கும்போது வெறுங்கையுடன் பிறக்கின்றது. தாய் அதற்குச் சேர்த்து வைத்த சொத்து முழுவதும் சீம்பாலில் இருக்கின்றது.

அச்சொத்தைப் பெற்றுக்கொள்ளக் கால வரையறை உண்டு. பிறந்த கன்றின் குடல், எதிர்ப்புப் பொருள்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆனால் அத்தன்மை மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடுகின்றது. அதன் பிறகு ஊட்டும் சீம்பால் நல்ல ஆகாரந்தான், கவசம் ஆகாது. நெசவாள அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவு தறியில் ஏறும் முன்னரே கஞ்சி போட வேண்டும். அப்போது விட்டுவிட்டு, நெய்யும்போது இழைக்கு இழை அறுகின்றதே என்று வருந்திப் பயனில்லை. விவசாய அன்பர்களுக்கோ, பட்டம் தவறிய விதைப்பு என்று சொன்னால் போதும்.

அளவு என்ன? கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் உள்ளே சென்றாக வேண்டும். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு இரண்டரை லிட்டர். இதை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். முதல் வேளை மாத்திரம் பிறந்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் ஆகிவிட வேண்டும். கன்று எழுந்து நின்று தானே மடியைத் தேடினால் நல்லது. தேடத் தெரியாமல் தடுமாறினால், மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுப் பாலை நீக்கிவிட்டு, காம்பைக் கன்றின் வாயில் வைத்துப் பழக்க வேண்டும். சீம்பாலைக் காய்ச்சலாகாது, காய்ச்சினால் திரிந்துவிடும், அதன் எதிர்ப்புப் பொருள்களும் கெட்டுவிடும். நான்கு நாள் வரை இப்பாலைக் கன்றுக்கே ஊட்டி வருவது உத்தமம். எப்படியும் அந்நாட்களில் சங்கம் அப்பாலை ஏற்பதில்லை. கன்று வயிறு நிறையக் குடித்த பின் எஞ்சுவது வீட்டாருக்கு உரியது. அதைக் கிண்டிச் சாப்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. முதலில் யார் என்பதே கேள்வி.

இனி மூதாட்டியின் அச்சத்திற்கு வருவோம். கன்று காம்பைச் சுவைக்கும்போது தாயின் உடலில் ஒருவகைச் சுரப்பு எழுகின்றது. பாலை இறக்கிவிடுவது அதுவே. கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுவே. கருப்பை சுருங்கினால் கொடி விழ ஏதுவாகும். ஆகவே, கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம் என்று காத்திருப்பது, கொடி விழ உதவும் காரியத்தையே நிறுத்தி வைப்பதாகும். சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் கொடி தானே விழும். அதற்கு மேலும் விழாவிடில் மருத்துவரை அழைக்க வேண்டும். தொங்கும் கொடியில் கல்லையோ செருப்பையோ கட்டுவதும், கையால் பிடித்து இழுப்பதும் கருப்பையைப் புண்ணாக்கும். மாடு மீண்டும் சினை பிடிக்காமற் போகக் கூடும்.

அன்று கன்று, பிறந்து முக்கால் மணி நேரத்திற்குள் பால் குடித்தது. உச்சிப் பொழுதுக்கு முன் கொடி விழுந்தது. மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கொடியைப் புதைக்க மகனிடம் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது வாசல்

நோய் நுழையும் மற்றொரு வாசல் தொப்புள். அறுந்த தொப்புள்கொடி ஈரம் காயும் வரை திறந்த குழாய் போன்றது. சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் கன்று படுத்தால், கிருமிகள் அவ்வழியே ஏறித் தொப்புள் சீழ்பிடிக்கும். பின்னர் முழங்கால் மூட்டுகள் வீங்கும். இதற்குத் தடை மிக மலிவானது. உடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு விரற்கடை தள்ளி நூலால் இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே புதிய பிளேடினால் வெட்டி, வெட்டிய முனையை டிஞ்சர் அயோடினில் நனைக்க வேண்டும். கொடி காய்ந்து உதிரும் வரை தினமும் அயோடின் தடவி வர வேண்டும். நெசவாளர் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தறியடியில் கிடந்த நூல் உதவாது. வெந்நீரில் கொதிக்க வைத்தோ அயோடினில் ஊற வைத்தோ எடுத்த நூலே ஏற்றது.

பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலும் அடைத்திருக்கும் சளியை விரலால் வழித்தெடுத்தல், தாய் நக்கத் தவறினால் உலர்ந்த சாக்கினால் உடலைத் தேய்த்துத் துடைத்தல், மூச்சு வராவிடில் வைக்கோல் தாளினால் மூக்குத் துளையைக் கிளறி விலாவை மெல்ல அமுக்கி விடுதல் ஆகியவை, இவற்றுக்கும் முன்னரே செய்ய வேண்டியவை. பனிக்குடம் உடைந்து, பசு முக்கியும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முன்னங்கால்களும் அவற்றின் மேல் படிந்த மூக்கும் தென்படாவிடில், வீட்டார் தாமே இழுத்துப் பார்க்கலாகாது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் வசதி இன்று இருக்கின்றது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கன்று வளர்ப்பு ஈற்றுக்கு முன்பே தொடங்குகிறது

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். அதில் கடைசி அறுபது நாட்கள் கறவையை நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் கன்று விரைந்து வளர்வதும், அடுத்த ஈற்றுக்காக மடி ஓய்ந்து புதுப்பித்துக்கொள்வதும், சீம்பால் திரள்வதும் அவ்விரண்டு மாதங்களில்தான். இன்னும் ஒரு லிட்டர் வருகின்றதே என்று ஈனும் வரை கறப்பவர், கன்றின் சொத்தை முன்கூட்டியே செலவு செய்கின்றார். அடுத்த ஈற்றின் பாலும் அதனால் குறையும். கறவை நின்ற மாடுதானே என்று தீவனத்தைக் குறைப்பதும் அத்தகைய பிழையே. பால் தராத அக்காலத்தில் இடும் அடர்தீவனம் வீணாவதில்லை; பிறகு பாலாகவும் கன்றாகவும் திரும்பி வரும்.

முதல் வாரத்திற்குப் பின்

முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு என்பது கன்றுக்குப் பால் கொடுக்கும் பொதுவான அளவு. பாத்திரத்தில் ஊட்டுபவர்கள் பாலை உடற்சூட்டு வெதுவெதுப்பில், தினந்தோறும் ஒரே நேரத்தில், கழுவிக் காய வைத்த பாத்திரத்தில் கொடுக்க வேண்டும். குளிர்ந்த பாலும், அழுக்குப் பாத்திரமும், ஒரு வேளை பட்டினியிட்டு மறுவேளை மட்டின்றி ஊட்டுவதும் கழிச்சலுக்குக் காரணங்கள். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீர் வற்றுதலே. உடனே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அடிக்கடி புகட்டிக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் முதல் கன்றுத் தீவனத்தை ஒரு பிடி வாயருகே வைத்துப் பழக்க வேண்டும். கன்று பிறக்கும்போது அதன் அசையூண் வயிறு மிகச் சிறியது. பால் மட்டும் குடிக்கும் வரை அது வளராது; தானியமும் தழையும் சென்றால்தான் வளரும். இளம் பசும்புல்லும், நல்ல தண்ணீரும் எப்போதும் எட்டும்படி இருக்க வேண்டும். குடற்புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வருவதும் உண்டு. ஆதலால், பத்து நாட்களுக்குள் முதல் முறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதந்தோறும், மருத்துவர் சொல்லும் அளவில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து, மண்ணை நக்கும் கன்றைக் கண்டால் பூச்சியைச் சந்தேகிக்கலாம்.

நான்கு மாதம் நிறைந்ததும் கோமாரித் தடுப்பூசி போட வேண்டும். நான்கு முதல் எட்டு மாதத்திற்குட்பட்ட கிடாரிகளுக்கு, கன்று வீச்சு நோய்க்கு எதிராக ஆயுளில் ஒரே ஒருமுறை தடுப்பூசி உண்டு. இவ்விரண்டையும் 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசமாக வழங்குகின்றது.

கணக்குப் பார்ப்போம்

நன்றாக வளர்ந்த கலப்பினக் கிடாரி, ஏறத்தாழ 250 கிலோ எடையை எட்டியதும் சினை ஊசிக்குத் தகுதி பெறும். முப்பது மாத வயதுக்குள் முதல் கன்றை ஈனும். கன்றுப் பருவத்தில் பட்டினி கிடந்து கழிச்சலிலும் புழுவிலும் நலிந்த கிடாரி அந்த எடையை எட்டவே மேலும் ஓராண்டு ஆகிவிடும். அந்த ஓராண்டின் 365 நாட்களும் தீவனம் உண்டு, பால் இல்லை. கன்றுக்கு ஊட்டாமல் மிச்சம் பிடித்த பாலின் விலையையும், அந்த 365 நாள் தீவனத்தின் விலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். மிச்சம் என்று நினைத்தது கடன் என்பது விளங்கும்.

நம் பழங்குடி மாடுகளை வளர்த்தவர்கள் இதை அறிந்திருந்தனர். காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்திற்கு மாறும். அம்மாற்றம் நிகழும் வரை கன்றுக்குப் போதிய பால் விட்டே தாங்கள் கறந்தார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் அவர்களின் மந்தை பெயர் பெற்றது, சந்தையில் விலை கொடுத்து வாங்கியதனால் அன்று. சொந்தத் தொழுவத்தில் பிறந்த கன்றுகளைத் தேர்ந்து பேணி வளர்த்ததனால். அவர்களுக்குப் பெரிய கொறங்காடு இருந்தது, நமக்கு ஒரு கொட்டகையும் ஒரு மாடுந்தானே என்று சொல்லலாம். நூறு கன்றுகள் உள்ளவர் ஒன்றை இழந்தால் நூற்றில் ஒன்று. நாம் ஒன்றை இழந்தால் எல்லாம். சிறியவருக்கே இக்கவனம் அதிகம் தேவை.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் விவசாயிகள் ஒன்று கூடிப் பால் சங்கம் கண்டபோது, அவர்கள் முன் இருந்த பிரச்சனை கறந்த பாலுக்கு நியாய விலை. அந்த வழியே நம் சங்கங்களும் வளர்ந்தன; பாலை அளக்கவும் கொழுப்பைச் சோதிக்கவும் நன்கு கற்றுக்கொண்டோம். அப்பால் எங்கிருந்து வருகின்றதோ அவ்விடத்தையும் இனிக் கவனிக்க வேண்டும். பெருஞ்செலவின்றி மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, நிறைசினை மாடுள்ள ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிற்கும் ஒரு சிறு பெட்டி: டிஞ்சர் அயோடின், நூல், புதிய பிளேடு, சுத்தமான துணி. இரண்டாவது, சீம்பால் சேமிப்பு. நோயற்ற பசுக்கள் தம் கன்று குடித்த பின்னும் மிகுதியாகத் தரும் முதல் நாள் சீம்பாலை, உறையவைக்கும் குளிர்பெட்டியில் ஓராண்டு வரை வைக்கலாம். தாய் இறந்த கன்றுக்கும், தாய்க்குப் பால் இறங்காத கன்றுக்கும் அதை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கிக் கொடுத்தால், அந்த உயிர் பிழைக்கும். ஒருவர் மிகுதி மற்றொருவர் முடைக்கு உதவுவதுதானே கூட்டுறவு? மூன்றாவது, கடன் பதிவேட்டில் கன்றுக்கு ஒரு பத்தி: பிறந்த நாள், முதற்பால் குடித்த நேரம், பூச்சி மருந்து, தடுப்பூசி. எழுத ஒரு பத்தி இருந்தால், கேட்க ஒருவர் இருப்பார். கேட்க ஒருவர் இருந்தால், செய்ய நினைவு வரும். நான் ஆய்வு செய்யும் சங்கங்களில் அப்பத்தியைக் கையால் கோடிட்டு எழுதச் செய்திருக்கிறேன்.

அந்த நெசவாளரின் கடன் தீர்ந்துவிட்டது. அன்று பிறந்த கிடாரி சென்ற தை மாதத்தில் தன் தலைக்கன்றை ஈன்றது. அவ்வீட்டின் இரண்டாவது பசுவுக்கு எந்தச் சங்கத்திலும் கடன் இல்லை. நான் சென்று பார்த்தபோது, முதற்பால் எப்பொழுது கொடுத்தீர்கள் என்று மூதாட்டியிடம் கேட்டேன்.

"கன்று எழுந்து நின்றதும் கொடுத்தாச்சுங்க தம்பி. அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். என் பழைய அறிக்கையிலிருந்த இரண்டு சொற்களை இனி அழிக்க இயலாது. அன்பர்களே, உங்கள் தொழுவத்தில் அடுத்த கன்று பிறக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் கன்றுக்கு உரியது.